இருப்புப் பதிவேட்டில் இல்லாத ஹார்டு டிஸ்க்

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருபது வருடம் ஓட்டியவனுக்கு ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் கடை என்பது பாதி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சில வருடங்களுக்கு முன் பழைய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று தேடி கோட்டாறு பக்கம் போயிருந்தேன். கடை வாசலில் எட்டு சிபியு அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றின் பக்கவாட்டிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு அரசு அலுவலகத்தின் சுருக்கப் பெயரும் எண்ணும். ஒன்றின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ராம் இல்லை, யாரோ முன்பே உருவியிருந்தார்கள். ஹார்டு டிஸ்க் மட்டும் அப்படியே இருந்தது.

"அதுக்கு இப்ப விலை இல்ல சாரே, கிலோ கணக்குலதான் போகும்" என்றார் கடைக்காரர்.

எட்டு டிஸ்க்கையும் அந்தக் கிலோ விலைக்கே வாங்கி வந்து, ஒன்றை என் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி டாக்கில் செருகினேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. டி டிரைவில் வரிசையாக ஃபோல்டர்கள்: 'ஓஏபி புதுசு' (முதியோர் உதவித்தொகை), 'வாரிசு 2014', 'லெட்டர் தமிழ்', 'வீட்டு ஃபங்ஷன் போட்டோ'. முதல் ஃபோல்டரைத் திறந்தால் ஸ்கேன் செய்த ஆதார் அட்டைகள், ரேஷன் அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், கைநாட்டு வைத்த மனுக்கள். அதற்கு மேல் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

மறுநாள் அந்த அலுவலகத்துக்கே போய்ச் சொன்னேன். பதறுவார்கள் என்று நினைத்திருந்தேன். சம்பந்தப்பட்ட எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அது போன வருஷமே கண்டம் பண்ணி ஏலம் போன ஐட்டம். இப்ப எங்க ரிஜிஸ்டர்லயே இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. சிபியு 8, மானிட்டர் 8, கீபோர்டு 8, மவுஸ் 6 என்று எழுதி, கழிவு செய்த ஆணை எண்ணையும் ஏலத்தொகை கட்டிய செலானையும் குறித்து, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு மவுஸ் குறைந்ததற்குக்கூட ஓரத்தில் விளக்கம் இருந்தது. ஹார்டு டிஸ்க் என்ற சொல் மட்டும் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. வாங்கும்போது அது பதிவேட்டில் ஏறவில்லை, அதனால் போகும்போதும் யாரும் தேடவில்லை. நம் மாவட்டத்தில் நான் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கிற அலுவலகங்களில் பெரும்பாலும் இதே கதைதான்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே மூலையில் அடுக்கிய சிபியுக்களின் உயரம் ஒவ்வொரு அலுவலகத்திலும் கூடிக்கொண்டே போகிறது. அடுத்தது ஏலம்தான்.

"எல்லாம் டெலீட் பண்ணிட்டோமே" என்பார்கள். டெலீட் என்பது தபால் பதிவேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு, கோப்பை அலமாரியிலேயே விட்டுவிடுவது மாதிரி. குயிக் ஃபார்மட் என்பது பதிவேட்டையே மாற்றிப் புதுசு போடுவது. அப்போதும் கோப்புகள் அலமாரியில்தான் இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரெக்கவரி மென்பொருளை வைத்துக்கொண்டு, கல்லூரி முதலாண்டுப் பையன் ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடுவான். 2003-லேயே அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் இருவர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். பழைய டிஸ்க் 158 வாங்கினார்கள், அதில் 129 ஓடின. அந்த 129-ல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஒரு டிஸ்க் ஏடிஎம் மெஷினிலிருந்து வந்திருந்தது.

இன்னொரு சமாதானம், "அது ஓடாத கம்ப்யூட்டர் சார்" என்பது. நம் ஊரில் கம்ப்யூட்டர் ஓடாமல் போவது எப்படி? குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சிபியு மூடியைத் திறந்தால் ஸ்குரூக்களில் துரு பூத்திருக்கும், ராம் ஸ்லாட்டில் பச்சை படிந்திருக்கும். உப்புக் காற்று மதர்போர்டைத் தின்றுவிடும். மின்சாரம் ஏறி இறங்கினால் எஸ்எம்பிஎஸ் போய்விடும். டிஸ்க்கின் தகடுகளோ மூடிய உலோகப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. கம்ப்யூட்டர் செத்தாலும் டிஸ்க் சாவதில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு மழையில் ஊறிய சிபியுக்கள் பல என் மேசைக்கு வந்தன. மதர்போர்டுகள் தேறவில்லை. டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் காயவைத்துச் சுத்தம் செய்ததும் ஓடின. அன்று அந்த அலுவலகங்களுக்கு அது நல்ல செய்தி. ஆக்கர் கடையில் அதே நல்ல செய்தி வேறு யாருக்கோ கிடைக்கும்.

சரி, எப்படித்தான் அழிப்பது? தகடு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க் என்றால் வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து (தகவல் பதியும் சிறு கட்டம்) கடைசி செக்டர் வரை பூஜ்யம் எழுத வேண்டும். விண்டோஸிலேயே டிஸ்க்பார்ட் என்ற கருவி இருக்கிறது. அதில் 'கிளீன்' என்று மட்டும் கொடுத்தால் பிரிவுகளின் விவரம்தான் போகும், 'கிளீன் ஆல்' என்று கொடுத்தால்தான் முழுக்கப் பூஜ்யம் எழுதும். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டளை கொடுக்கும் முன் எந்த டிஸ்க்கின் எண்ணைத் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு முறை பாருங்கள். அவசரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற அலுவலக டிஸ்க்கைத் துடைத்தவர்களும் உண்டு. 500 ஜிபி டிஸ்க்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஏழு முறை எழுத வேண்டும், முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்றெல்லாம் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியே, இன்றைய டிஸ்க்குகளுக்குப் பொதுவாக ஒரு முறை எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டது. முப்பத்தைந்து முறை எழுதும் நேரத்தில் எழுதியது சரியாக விழுந்ததா என்று நாலு இடத்தில் திறந்து பார்ப்பது மேல்.

தகடு இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் புதிய வகையான எஸ்எஸ்டி-க்கு இந்த முறை ஆகாது. அதற்குள் இருக்கும் கன்ட்ரோலர், சிப்புகள் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக, நாம் எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் வேறு இடத்தில் எழுதும். நம் கண்ணுக்கே காட்டாத உபரி இடமும் அதற்கு உண்டு. நாம் மேலிருந்து பூஜ்யம் எழுதிக்கொண்டே இருப்போம், அடியில் பழைய ஆதார் நகல் சொகுசாகத் தூங்கும். எஸ்எஸ்டி-க்கு அதன் தயாரிப்பாளர் தரும் 'செக்யூர் இரேஸ்' அல்லது 'சானிடைஸ்' கட்டளைதான் வழி; சில கம்ப்யூட்டர்களில், விண்டோஸ் ஏறும் முன் வரும் பயாஸ் அமைப்பிலேயே இருக்கும். முதல் நாளிலிருந்தே விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால் வேலை இன்னும் சுலபம். சாவியை அழித்தால் உள்ளே இருப்பது வெறும் குப்பை. பெரிய காந்தம் வைத்து அழிக்கும் மெஷின் எஸ்எஸ்டி-யிடம் செல்லாது, அதில் காந்தத் தகடே கிடையாது.

கட்டளைக்கே மசியாத, பழுதான டிஸ்க்கை உடைப்பதுதான் வழி. இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு என்பதை மறைக்கவில்லை. டெஸ்க்டாப் டிஸ்க்கின் மூடியில் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் இருக்கும். லேபிளுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும், அதை மறந்தால் மூடி வராது. திறந்ததும் முகம் பார்க்கிற கண்ணாடிபோலத் தகடு பளபளக்கும். அதில் டிரில்லிங் மெஷினால் மூன்று நான்கு ஓட்டை போட்டு, அப்புறம் வளைத்துவிடுவேன். லேப்டாப் டிஸ்க் வேறு மாதிரி. அதன் தகடு பெரும்பாலும் கண்ணாடி. முதல் தடவை இது தெரியாமல் சுத்தியலால் தட்டினேன். 'சல்' என்று உதிர்ந்து மேசை, சட்டை, டீ கிளாஸ் என்று எங்கும் பொடி. அன்றிலிருந்து தடித்த கவருக்குள் வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தட்டுகிறேன். எஸ்எஸ்டி-யை உடைப்பதென்றால் நடுவில் ஒரு ஓட்டை போதாது. போர்டில் இருக்கும் நினைவகச் சிப் ஒவ்வொன்றும் உடைய வேண்டும்.

யாரும் கவனிக்காத ஒரு வாசல், வாரண்டி. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் டிஸ்க் பழுதானால் கம்பெனி ஆள் வந்து புதுசு மாட்டிவிட்டுப் பழசைப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஏலமும் இல்லை, குழுவும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. பழுதான டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற நிபந்தனையை, வாங்கும்போதே டெண்டரில் எழுதிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் செலவாகும், ஆனால் கேட்டால் கிடைக்கிற வசதிதான் இது. என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கழற்றி, "அப்புறம் தருகிறேன்" என்று என் இழுப்பறையில் போட்ட அலுவலக டிஸ்க்குகள் ஒரு காலத்தில் ஒன்பது இருந்தன. எது எந்த அலுவலகத்துடையது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்பதையும் ஓட்டை போட்டேன். இப்போது டிஸ்க்கைக் கழற்றினால் அந்த இடத்திலேயே ரசீது எழுதி அலுவலகத்தாரிடமே கொடுத்துவிடுகிறேன்.

ஜெராக்ஸ் மெஷினையும் விட்டுவிடக் கூடாது. பெரிய மல்டிஃபங்ஷன் மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் உண்டு, எடுத்த நகல்களின் படம் அதில் தங்கும். வாடகைக்கு எடுத்த மெஷினின் டிஸ்க்கைத் துடைக்காமல் திருப்பி அனுப்பிய நியூயார்க் மருத்துவக் காப்பீட்டு அமைப்பு ஒன்று, 2013-ல் அமெரிக்க அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. சிசிடிவி காட்சியைப் பதியும் டிவிஆர், பென்டிரைவ், அதிகாரி மாறிப் போன பிறகும் இழுப்பறையில் கிடக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், எல்லாம் இதே கணக்குதான்.

கழித்த கம்ப்யூட்டரை யாரிடம் கொடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி மறுசுழற்சி செய்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முறையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிற ஆக்கர் கடை இந்தக் கணக்கில் வராது. அந்தப் புகையில் டயாக்ஸின் என்ற நச்சு இருக்கிறது. பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம் இருக்கிறது. நம் மாநிலத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அந்த லாரி வழியில் எங்கெல்லாம் நிற்கும், எத்தனை கை மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நான் சொல்வது ஒன்றே: டிஸ்க்குகளை இங்கேயே கழற்றி இங்கேயே அழித்துவிட்டு, வெறும் கூட்டை அனுப்புங்கள்.

குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே வேலை என்ற பழக்கமும் இங்கே ஆபத்து. மார்கன் ஸ்டான்லி வங்கி தன் டேட்டா சென்டர்களைக் காலி செய்தபோது, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றிடம் வேலையைக் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு டிஸ்க்குகள் இணைய ஏலத்தில் விலை போயின. 2020-ல் 6 கோடி டாலர், 2022-ல் 3.5 கோடி டாலர் அபராதம். நம் நாட்டிலும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

அழிக்கிற உற்சாகத்தில் தேவையானதை அழித்துவிடவும் கூடாது. கோர்ட் வழக்கு, தணிக்கை, தகவல் அறியும் உரிமை மனு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று பிரிவு வாரியாகக் கேட்டு, நகல் எடுத்து, எழுத்தில் வாங்கிய பிறகே டிஸ்க்கைத் தொட வேண்டும். கேட்கப்பட்ட தகவலை அழித்தால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம், அதுவும் அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து.

மற்றபடி, வேண்டியதெல்லாம் பதிவேட்டில் கூடுதலாக ஒரு பத்தி. கம்ப்யூட்டர் வந்து இறங்கும் அன்றே ஒவ்வொன்றின் டிஸ்க் வரிசை எண்ணையும் எழுதிவிடுங்கள். மூடியைத் திறக்கக்கூட வேண்டாம், மென்பொருளிலேயே தெரியும். போகும்போது அதே எண்ணுக்கு நேராக எந்த முறையில் அழித்தோம், என்றைக்கு, யார் முன்னிலையில் என்று இரண்டு கையெழுத்து.

போன மாதம் ஒரு அலுவலகத்தில் இப்படித் தொடங்கினோம். பதினோரு சிபியு. எல்லாவற்றையும் திறந்து டிஸ்க்குகளை மேசையில் வரிசையாக அடுக்கி, கண்காணிப்பாளர் அம்மாவும் நானும் எண்களைப் படித்து எழுதினோம். பத்து வந்தது. திரும்ப எண்ணினோம், பத்துதான். ஆறாம் எண் சிபியுவில் கேபிள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது போனது, யார் எடுத்தது, வாரண்டியில் போனதா, எதற்கும் ஒரு வரி எழுத்து இல்லை. அந்த அம்மா ஐந்து வருட சர்வீஸ் ரிப்போர்ட்டுகளைக் கட்டிலிருந்து அவிழ்த்துப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பத்து டிஸ்க்கை அழித்துச் சான்று எழுதியாயிற்று. பதினோராவது வரி இன்னும் காலியாகவே இருக்கிறது.