விழுங்கப்படாத மாத்திரை

1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை உருவாக்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் வந்துவிட்ட பிறகும் நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல காற்றும் ஓய்வும் சத்தான உணவும் கொடுத்தாக வேண்டுமா என்பதே மையத்தின் முதல் கேள்வி. (தாம்பரத்தை ஒட்டிய மின்சார ரயில் நிலையம் ஒன்று இன்னமும் ‘சானடோரியம்’ என்றே அழைக்கப்படுவது அந்தக் காலத்தின் மிச்சம்.) 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சானடோரியத்திலும் மறுபாதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும், நெரிசலான வீட்டில் குறைந்த சாப்பாட்டோடு காலம் தள்ளியவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்பியதற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம்.

இந்த முடிவு பலமுறை சொல்லப்பட்ட கதை. அதே மையம் கண்டுகொண்ட இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீட்டில் சிகிச்சை என்றால் ஒவ்வொரு நாளும் மருந்தை எடுத்து விழுங்கும் வேலை நோயாளியின் கையில் இருக்கிறது. அவர் உண்மையில் விழுங்குகிறாரா என்று அறிய ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி அதில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். தவறாமல் சாப்பிடுவதாகச் சொன்னவர்கள் சிலரின் சிறுநீரில் மருந்து இல்லை. மையத்தை வழிநடத்திய பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் இதை ஒழுங்கீனம் என்று ஒதுக்கிவிடாமல், தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைத் தனியாக ஆராயவேண்டிய ஓர் அறிவியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். நோயாளி படித்தவரா, ஏழையா, பொறுப்பானவரா என்பதை வைத்து அவர் மருந்தை விடுவாரா மாட்டாரா என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஏன் விடுகிறார்கள்? மறதி என்பது முதலில் தோன்றும் பதில், பகுதி உண்மையும்கூட. ஆனால் காசநோயில் மறதியைவிட வலுவான ஒன்று செயல்படுகிறது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் நிற்கிறது, இருமல் குறைகிறது, பசி திரும்புகிறது, உடம்பில் சதை பிடிக்கிறது. மருந்து தன் வேலையை முடித்துவிட்டதாக உடம்பே சாட்சி சொல்கிறது. நுரையீரலின் நிலை வேறு. வேகமாகப் பெருகும் கிருமிகள்தான் முதலில் சாகின்றன. பெருகாமல் ஏறக்குறைய உறங்கும் நிலையில் கிடப்பவற்றை மருந்தால் எளிதில் தொட முடிவதில்லை. சிகிச்சை ஆறு மாதம் நீள்வது இந்தச் சிறு மிச்சத்துக்காகத்தான். நோயாளிக்குத் தெரிவதெல்லாம் அறிகுறிகள் மட்டுமே. மருத்துவர் துரத்துவதோ அறிகுறி எதையும் காட்டாத கிருமிகளை.

இடையில் விட்டுவிட்டுச் சாப்பிடுவது முழுவதும் நிறுத்துவதைவிடவும் மோசமாக முடியலாம். பெரிய குழி விழுந்த நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் லட்சங்களில் ஒன்று என்ற கணக்கில், மருந்தையே பார்க்காதபோதும் ஐசோநயாசிட் என்ற காசநோய் மருந்தை எதிர்க்கும் மாற்றம் தானாகவே அமைந்திருக்கும். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றுக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டவேண்டும் என்பதற்காக. அந்நாளில் பாஸ் என்ற மருந்தை நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்கவேண்டியிருந்தது, வயிற்றைப் புரட்டும். அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, சிறிய ஐசோநயாசிடை மட்டும் சாப்பிட்ட ஒருவர், தன்னையறியாமல் ஐசோநயாசிடுக்கு அடங்காத கிருமிகளைத் தன் நுரையீரலில் பொறுக்கி வளர்த்துக்கொண்டிருப்பார். நடத்தை உயிரியலாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

சென்னை மையம் இதற்குக் கண்ட வழி, தினமும் வீட்டில் தானே சாப்பிடுவதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு முறை மட்டும் மையத்துக்கு வந்து ஊழியர் கண்முன்னே கூடுதல் அளவில் மருந்தை எடுத்துக்கொள்வது. காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மருந்தின் அடி வாங்கிய பிறகு மீண்டும் பெருகத் தொடங்க அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். எனவே இடைவெளி விட்டு அடித்தாலும் போதும். 1960களில் வெளியான அந்த ஆய்வில், கண்காணிப்போடு கொடுத்த மருந்து நல்ல பலன் தந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இதுவும் ஒரு வேர்.

கண்காணிப்பும் நடத்தையைத் தொடும் என்பதால் அதற்கும் ஒரு விலை உண்டு. மையத்துக்கு வந்துபோக அரை நாள் கூலி போகும். வரிசையில் நிற்பதைத் தெருக்காரர்கள் பார்ப்பார்கள். கல்யாணமாகாத பெண் உள்ள வீடென்றால் அந்தப் பார்வையே சிகிச்சையை நிறுத்தப் போதும். பின்னர் இந்தியாவில் மாத்திரை அட்டையின் பின்பக்கம் மறைத்து அச்சிட்ட தொலைபேசி எண்ணை, மாத்திரையைப் பிதுக்கி எடுத்த பிறகு பார்த்து, இலவசமாக அழைக்கும் முறை வந்தது. மாத்திரை அட்டையை விட்டு வெளியே வந்தது என்பதற்கு அது சாட்சி. வாய்க்குள் போனதா என்பதை அதனாலும் சொல்ல முடியாது.

காசநோயில் தொடக்கத்திலாவது அறிகுறி இருந்தது. இரத்த அழுத்தத்தில் பெரும்பாலும் அதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் லெவென்தாலும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1980களில் இரத்த அழுத்த நோயாளிகளிடம் பேசியபோது விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். அழுத்தம் ஏறியிருப்பதை யாராலும் உணர முடியாது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தங்களால் மட்டும் உணர முடியும் என்றும் அவர்களே நம்பினார்கள். தலை கனத்தாலோ முகம் சூடானாலோ மாத்திரை போடுவது, இல்லாவிட்டால் விடுவது என்று தங்கள் உடலையே கருவியாக்கிக்கொண்டார்கள். ‘இன்னைக்குப் பிரஷர் ஏறின மாதிரி இருக்கு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதேதான். மனம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறது: அது எதனால் வந்தது, எவ்வளவு நாள் இருக்கும், வந்தால் எப்படித் தெரியும். அந்தப் படத்தோடு பொருந்தும் அறிவுரையே வீட்டுக்குப் போகிறது. பொருந்தாதது மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது.

நீண்டகால நோய்களுக்கான மருந்தை, வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் மதிப்பிட்டது. எந்த நாளில் விட்டுப்போகிறது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். திறக்கும் ஒவ்வொரு நேரத்தையும் சில்லு ஒன்று பதிவு செய்யும் மாத்திரைக் குப்பிகளைக் கொடுத்து, 1990இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஐந்து நாட்களில் 88 விழுக்காடும், பார்த்த பிறகான ஐந்து நாட்களில் 86 விழுக்காடும் மருந்து ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தது. ஒரு மாதம் கழிந்ததும் அது 67ஆகச் சரிந்திருந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் படிக்கும் மாணவரின் நிலைதான்.

இதில் மருத்துவர்தான் ஏமாறுகிறார். நோயாளி வரும் நாளில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்று காட்டலாம். இரத்த அழுத்தம் மட்டும் இறங்காமல் இருந்தால், மருந்து போதவில்லை என்று அவர் அளவைக் கூட்டுவார், இன்னொன்றைச் சேர்ப்பார். அதே நோயாளி வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்து, செவிலியர் எழுதியபடி எல்லா மாத்திரைகளையும் வேளை தவறாமல் கொடுத்தால், அழுத்தம் திடீரென்று இறங்கித் தலைசுற்றி விழுவார். ‘மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆமாங்க டாக்டர்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல நம்மில் பலருக்கு மனம் வராது. ‘எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போகும், போன வாரம் உங்களுக்கு எத்தனை வேளை விட்டுப்போச்சு?’ என்று கேட்டால் உண்மை வெளிவர வாய்ப்பு கூடும்.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களிடம் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1980இல் இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்கியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டுகளில் 15 விழுக்காட்டினர் இறந்தார்கள். சரியாகச் சாப்பிடாதவர்களில் ஏறக்குறைய 25 விழுக்காட்டினர். மருந்து காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரைக் குழுவிலும், அதை ஒழுங்காக விழுங்கியவர்களில் 15 விழுக்காட்டினரும், விழுங்காதவர்களில் 28 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் மருந்துக் குழுவுக்கும் போலிக் குழுவுக்கும் இறப்பில் வேறுபாடே இல்லை. வெற்று மாத்திரை யாருடைய இதயத்தையும் காத்திருக்க முடியாது. மாத்திரையை வேளைக்கு எடுப்பவர் புகையை விடுவது, நடப்பது, நெஞ்சு வலித்தால் உடனே ஓடுவது போன்ற வேறு பலவற்றையும் செய்பவராக இருந்திருக்கக்கூடும் என்பதே பெரும்பாலோர் தரும் விளக்கம். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு மருந்தைப் புகழும் எந்த ஆய்வையும் நான் அன்றுமுதல் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன்.

வேண்டுமென்றே மருந்தை நிறுத்துபவர்களின் கதை வேறு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளால் தசை வலி, சோர்வு என்று சொல்லி நிறுத்தியவர்கள் 60 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு குப்பிகள்: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறுமை, எந்த மாதத்தில் எது என்பது குலுக்கல். தினமும் தங்கள் தொல்லைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, போலி மாத்திரை மாதங்களில் 15.4. வலி பொய்யில்லை, ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்டாட்டினிலிருந்து வரவில்லை, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. ஆய்வு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவருடைய சொந்த மதிப்பெண்களின் வரைபடத்தையே காட்டினார்கள். பாதிப் பேர் ஸ்டாட்டினை மீண்டும் சாப்பிடத் தொடங்கினார்கள்.