‘எல்லை தாண்டிய’ ஒத்துழைப்பா, நாடு கடந்த ஒத்துழைப்பா?

‘எல்லை தாண்டிய தொழிற்சங்க ஒத்துழைப்பு.’ சிங்கப்பூரில் சங்கக் கூட்டங்களிலும் துண்டறிக்கைகளிலும் இந்தத் தொடர் அடிக்கடி வருகிறது. ஒரே பன்னாட்டு நிறுவனத்துக்காக வெவ்வேறு நாடுகளில் வேலை செய்பவர்களின் சங்கங்கள் கைகோத்துச் செயல்படுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

எல்லை என்றால் வரம்பு. தாண்டுவது, குதித்துக் கடப்பது. ஒத்து உழைப்பது ஒத்துழைப்பு. தனித்தனியே எதிலும் பிழையில்லை. ஆனால் ‘எல்லை தாண்டிய’ என்று சேர்த்தால் குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. எல்லை தாண்டி மீன் பிடித்ததாக மீனவர்களைக் கைது செய்கிறார்கள். ‘எல்லை தாண்டிய பயங்கரவாதம்’ என்று செய்தியில் படிக்கிறோம். பக்கத்து மலேசியாவின் ஜோகூர் போய் வந்தவர் யாராவது ‘எல்லை தாண்டிப் போனேன்’ என்பாரா? வரம்பு மீறுகிறார்கள் என்று தொழிற்சங்கத்தினரை ஏற்கெனவே குறை சொல்பவர்கள் உண்டு. அந்தப் பழியை நம் துண்டறிக்கையிலேயே எழுதிக் கொடுப்பானேன்?

சரி, ‘பன்னாட்டுத் தொழிற்சங்க ஒத்துழைப்பு’ எனலாமே என்பார்கள் சிலர். நிறுவனத்துக்கு அது பொருந்தும், அது ஒன்றே பல நாடுகளில் இருக்கிறது. சங்கங்கள் அப்படியல்ல. ஒவ்வொன்றும் தன் நாட்டுச் சட்டப்படி பதிவாகி, தன் நாட்டில்தான் பேரம் பேச முடியும். மேலும் ‘பன்னாட்டு’ என்றதும் பெரிய கூட்டமைப்புகள்தான் நினைவுக்கு வரும். 1896இல் லண்டனில் பிறந்த சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐடிஎஃப் அப்படி ஒன்று. உரிமையாளர் ஒரு நாட்டில் இருக்க, வேறு நாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல்களை எதிர்த்து 1948 முதல் இயக்கம் நடத்துகிறது. அது ஒரு துறை முழுவதற்குமான வேலை. நாம் பேசுவது ஒரே முதலாளியிடம் வேலை செய்பவர்களைப் பற்றி. 1988இல் பிரான்ஸின் உணவு நிறுவனமான பிஎஸ்என், பின்னாளைய டனோன், உலக உணவுத் தொழிலாளர் கூட்டமைப்போடு செய்த உடன்பாடு இந்த வகை. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நெறிமுறையும் இதே வகைதான். உறுப்பு நாடுகளில் மொத்தம் குறைந்தது 1,000 ஊழியர்களைக் கொண்டு, அவற்றில் குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனங்களில், நிர்வாகத்தோடு கலந்துபேச ஊழியர் மன்றம் அமைக்க அது வழி செய்தது.

என் தேர்வு ‘நாடு கடந்த தொழிற்சங்க ஒத்துழைப்பு’. கடல் கடந்த வாணிகம் என்று மகிழ்ச்சியோடு சொல்லும் மொழிக்கு இது அந்நியமல்ல. நாடுகடத்தல் நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் தடை சொன்னார். கடப்பது தானே போவது, கடத்துவது பிறர் கொண்டுபோவது. இந்த வேறுபாடு தமிழ் பேசும் எவருக்கும் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். ‘முத்தரப்பு’ என்று எவ்வளவு கச்சிதமாக ஒரு சொல் இங்கே புழங்குகிறது! அரசு, முதலாளி, சங்கம் மூன்றும் அதில் அடங்கிவிட்டன. அந்த அக்கறை மற்றச் சொற்களுக்குக் கிடைப்பதில்லை. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஒத்துழைப்பு என்ற சொல்லையே பாருங்கள்: ‘உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று அறிவிப்புப் பலகைகளில் எழுதி எழுதி, சொன்னபடி கேள் என்ற பொருளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒரே நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளைச் சங்கமும் மலேசியாவின் பினாங்குத் தொழிற்சாலைச் சங்கமும் சம்பளம், வேலை நேரம் பற்றிய விவரங்களைப் பகிர்ந்துகொண்டு, ‘வேலையை அங்கே மாற்றிவிடுவோம்’ என்ற மிரட்டலுக்குச் சேர்ந்து பதில் சொன்னால், அது நாடு கடந்த தொழிற்சங்க ஒத்துழைப்பு. அடுத்த துண்டறிக்கையில் இப்படியே அச்சிடுங்கள்.