முறுக்குக்கு அசையாத பல் ஐம்பது கிராமுக்கு நகர்வது எப்படி?

"முன்பல் இரண்டுக்கும் நடுவில் கேப் இருக்கிறது. ஒரு பல் டாக்டர் ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் கிளிப் போட வேண்டும், ஒன்றரை வருடம் ஆகும் என்கிறார். யாரை நம்புவது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது 26, வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்றும் கூடவே எழுதியிருக்கிறார். அந்தக் கடைசித் தகவல் பல்லுக்கு வேண்டாததுதான். ஆனால் அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது.

இருவரையுமே நம்பலாம். முதலாமவர் பல்லை அகலமாக்கப் பார்க்கிறார், இரண்டாமவர் பல்லை நகர்த்தப் பார்க்கிறார்.

அதற்கு முன்னால், ஒன்றுமே செய்ய வேண்டாதவர்களை அனுப்பிவிடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்பல்லில் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் அது வளர்ச்சியின் ஒரு கட்டம். மேலே எலும்புக்குள் காத்திருக்கும் கோரைப்பற்கள் முன்பற்களின் வேரை நெருக்குவதால் முன்பற்கள் விரிந்து நிற்கும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் இறங்கியதும் 2 மி.மீ. வரையிலான இடைவெளி பொதுவாகத் தானாகவே மூடிவிடும். பெரியவர்களிலும், இடைவெளி பிறந்ததிலிருந்தே இருக்கிறது, ஈறு நன்றாக இருக்கிறது, பார்க்கவும் உறுத்தவில்லை என்றால் விட்டுவிடலாம். மருத்துவக் காரணம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. பல் சந்து இருந்தால் காசு தங்காது என்பார்கள் சிலர். நம் ஊரிலேயே அதை அதிர்ஷ்டம் என்பவர்களும் உண்டு. பிரான்சில் அதிர்ஷ்டப் பல், நைஜீரியாவில் அழகு. ஒரே இரண்டு மில்லிமீட்டர் ஊருக்கு ஊர் வேறு பலன் சொல்வதிலிருந்தே அந்த ஜோசியத்தின் லட்சணம் தெரிகிறது.

சரி, அந்த ஒரு மணி நேர வேலை. பல்லின் பக்கவாட்டில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில விநாடிகள் தடவிக் கழுவினால் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அதில் பசை இறங்கும், மேலே பல்லின் நிறத்திலேயே காம்போசிட் என்ற பூச்சை வைத்து உருவம் கொடுப்பார்கள், நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் அமிலம் பூசுவதைப் பார்த்து, பல்லிலும் செய்தால் என்ன என்று முயன்றவர் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர். ஆண்டு 1955. இன்றைய ஒட்டும் பல் வைத்தியம் அத்தனைக்கும் அதுதான் வேர். சிறிய இடைவெளிக்கு இது போதும். பெரிய இடைவெளியை இப்படி அடைத்தால் இரண்டு பல்லும் பலகை மாதிரி அகன்று தெரியும். டீ, காபி கறை ஏறும், ஓரம் பெயரும், சில வருடங்களில் மறுபடி செய்ய வேண்டிவரும். வெனீர் என்பது பீங்கானில் செய்யும் மெல்லிய முகப்பு. அழகு நீடிக்கும், ஆனால் பெரும்பாலும் எனாமலைக் கொஞ்சம் சீவித்தான் ஒட்டுவார்கள், சீவியது திரும்ப வளராது. இருபத்தாறு வயதில் நல்ல பல்லைச் சீவ நான் தயங்குவேன்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். முறுக்கு கடிக்கும்போது பல்லின் மேல் எத்தனையோ கிலோ அழுத்தம் விழுகிறது. மிகக் கடினமான பொருளைக் கடித்தால் 50 கிலோ வரைகூடப் போகலாம். பல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதே பல்லை ஒரு பக்கமாகச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் விசை போதும்! கிலோவுக்கு அசையாதது கிராமுக்கு எப்படி அசைகிறது?

பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருக்கவில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. இடம். அதில் குறுக்கும் நெடுக்குமாக கொலாஜன் நார்கள், ரத்தக் குழாய்கள், நரம்புகள், செல்கள், இவற்றுக்கிடையே திரவம். குழந்தை தூளியில் தொங்குவதுபோல் பல் அந்த நார்களில் தொங்குகிறது. மெல்லும்போது விழும் அழுத்தம் ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. அதற்குள் அந்தத் திரவம் வெளியேற முடியாது. அழுத்தத்தை அதுவே தாங்கிக்கொள்கிறது. விசை சில விநாடிகள் தொடர்ந்தால் திரவம் பிதுங்கி வெளியேறும், வலிக்க ஆரம்பிக்கும், நாம் கடிப்பதை நிறுத்திவிடுவோம். ஆனால் விசை மெல்லியதாக, மணிக்கணக்கில் நிற்காமல் இருந்தால் கதை வேறு. ஒரு பக்கத்தில் நார் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது, எதிர்ப்பக்கத்தில் நார் இழுபடுகிறது. சில மணி நேரத்தில் செல்கள் ரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன, அவற்றில் புரோஸ்டாகிளான்டினும் ஒன்று. இரண்டு நாளில் அழுத்தம் விழும் பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. ரத்த வெள்ளையணுக்களின் பரம்பரையில் வருபவை இவை; எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து, எலும்பைக் கரைத்துவிடும். இழுபடும் பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பு கட்டுகின்றன. ஆக, பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. முன்னால் எலும்பு கரைந்து, பின்னால் எலும்பு வளர்ந்து, பல்லின் குழியே நகர்ந்து போகிறது.

ஸ்வீடனின் கார்ல் சான்ட்ஸ்டெட் நாய்களின் பல்லை நகர்த்தி, எலும்பை மெல்லிய துண்டுகளாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1904-05 ஆண்டுகளிலேயே இதைக் காட்டிவிட்டார். இன்னொன்றையும் பார்த்தார்: விசை அதிகமானால் நசுங்கும் பக்கத்தில் ரத்த ஓட்டமே நின்று செல்கள் செத்துவிடுகின்றன. செத்த இடத்தில் எலும்பைக் கரைக்க ஆள் இல்லை. பக்கத்து எலும்பிலிருந்து செல்கள் குடைந்துகொண்டு வர ஒன்றிரண்டு வாரமாகும், அதுவரை பல் அசையாமல் நிற்கும். "டாக்டர், கொஞ்சம் இறுக்கமாகவே போட்டுவிடுங்கள், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பவர்கள் உண்மையில் தாமதத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். நல்லபடியாகப் போனாலே மாதம் ஒரு மி.மீ. அளவுதான்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பல் டாக்டர் சொல்லும் பல புதிர்கள் அவிழும். கழற்றி மாட்டும் அலைனரை (பல்லை நகர்த்தும் பிளாஸ்டிக் உறையை) ஏன் நாளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போடச் சொல்கிறார்? விசை நாளில் ஆறு மணி நேரமாவது நீடிக்காவிட்டால் செல்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, அதிகம் நீடித்தால் வேலை சீராக நடக்கும். இரவெல்லாம் விரல் சூப்பும் குழந்தைக்குப் பல் விரிவதும், எப்போதாவது சூப்பும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாததும் இதே கணக்குதான். கிளிப் வலிக்கு ஐபூப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்று பலர் சொல்லக் காரணம், முன்னது புரோஸ்டாகிளான்டினைத் தடுக்கும் என்பது. எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பல் மெதுவாக நகரும். அந்த மருந்து ஆஸ்டியோகிளாஸ்ட்டை முடக்குகிறது. தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளான்ட் பல்லை எந்தக் கம்பி போட்டும் நகர்த்த முடியாது, அதைச் சுற்றி நாரே இல்லை, எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது.

வீட்டிலேயே இரண்டு பல்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். முன்பல்லின் வேர் மேலே போகப்போகக் கூம்பும். ரப்பர் அந்தச் சரிவில் வழுக்கி ஈறுக்குள் ஏறி மறைந்துவிடும், அங்கே நார்களை அறுத்து எலும்பை அழிக்கும். இப்படி இரண்டு நல்ல பற்களையும் பறிகொடுத்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி, இடைவெளி ஏன் வந்தது என்பது. பக்கத்துப் பல் சிறுத்திருக்கலாம், முளைக்காமலே இருந்திருக்கலாம், எலும்புக்குள் ஒரு கூடுதல் பல் ஒளிந்திருக்கலாம், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். முன்பு இல்லாத இடைவெளி நாற்பது வயதுக்கு மேல் புதிதாக விழுகிறது என்றால் ஈறு நோய் எலும்பைத் தின்றுகொண்டிருக்கலாம். அதைக் குணப்படுத்தாமல் கிளிப் போடுவது விபரீதம். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சதை மடிப்பு தடித்து இரண்டு பல்லுக்கும் நடுவே இறங்கியிருந்தால் அதையும் வெட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் இடைவெளியை மூடிய பிறகுதான் வெட்டுவார்கள். முதலில் வெட்டினால் அங்கே உண்டாகும் தழும்பே பற்கள் சேர்வதைத் தடுக்கலாம்.

மூடுவது பாதி வேலைதான். வேரைச் சுற்றிய நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் ஆகும். எலும்புக்கு மேலே ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்களோ ஒரு வருடம் கழித்தும் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். முன்பல் இடைவெளி இதில் பேர்போனது. எனவே ரிடெய்னர் வேண்டும். பல்லின் பின்பக்கம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுவது ஒரு வகை, இரவில் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. எது சிறந்தது என்பதற்கு இன்னும் அழுத்தமான ஆதாரம் இல்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பல்லை வேகமாக நகர்த்துவதாகச் சொல்லும் அதிர்வுக் கருவிக்குப் பணம் போட ஆள் இருக்கிறது, பலன் என்னவோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பத்து வருடம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஒரு சாதாரணக் கம்பியைச் சோதிப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. அரசுப் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

வாசகிக்கு: கிளிப் வழியில் போனால் பின்பக்கக் கம்பி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், அடியில் அழுக்கு சேராமல் தேய்க்கும் விதத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். ஏதாவது கடிக்கும்போது அந்தக் கம்பி ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால் வலிக்காது, கண்ணாடியிலும் தெரியாது. நாக்குக்கு மட்டும் தட்டுப்படும். தட்டுப்பட்ட வாரமே போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.