ஹேண்ட்ஹெல்ட்: கையடக்கமா, கையில் பிடித்ததா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு ஆபத்தாக வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 2019-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, எதெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று ஒரு விளக்கத்தையும் அதில் சேர்த்தது. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவது, நிறுத்தப் பலகையை மீறுவது, எதிர்த்திசையில் வருவது என்று போகிற அந்த வரிசையில், ஓட்டும்போது ‘ஹேண்ட்ஹெல்ட்’ தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் இருக்கிறது. முதல் தடவை என்றால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சொல் என்பதால் அதன் பொருளைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வது முக்கியம்.

‘ஹேண்ட்’ என்றால் கை. ‘ஹெல்ட்’ என்பது ‘ஹோல்ட்’ என்ற வினையின் இறந்தகால வடிவம். பிடிக்கப்பட்ட, வைத்திருக்கப்பட்ட என்று பொருள். இரண்டும் ஜெர்மானியக் குடும்பத்துப் பழஞ்சொற்கள். ‘ஹோல்ட்’ முதலில் வெறும் பிடித்தலைக் குறிக்கவில்லை. அதே வேரிலிருந்து வந்த, காத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழிச் சொல்லுக்கு ஆடுமாடுகளை மேய்த்துக் காப்பது என்று பொருள். கண்காணித்துக் காத்தல் என்பதிலிருந்துதான் வைத்திருத்தல், பிடித்திருத்தல் என்ற பொருள்கள் வளர்ந்தன.

இரண்டும் சேர்ந்து ‘ஹேண்ட்ஹெல்ட்’ ஆனபோது அதற்கு இரண்டு பொருள்கள் அமைந்தன. முக்காலியில் வைக்காமல் கையில் பிடித்தபடி எடுத்த காட்சியை ஹேண்ட்ஹெல்ட் ஷாட் என்பார்கள். இங்கே சொல் ஒரு செயலைக் குறிக்கிறது. அந்த நேரத்தில் கேமரா கையில் இருந்தது என்று பொருள். ஹேண்ட்ஹெல்ட் கால்குலேட்டர் என்னும்போது பொருள் வேறு. அது மேசை டிராயரில் கிடந்தாலும் ஹேண்ட்ஹெல்ட்தான், ஏனென்றால் அங்கே சொல் கருவியின் அளவையும் வகையையும் குறிக்கிறது. பேச்சில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. சட்டத்தில் அப்படி விட்டுவிட முடியாது.

தமிழில் இரண்டாவது பொருளுக்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: கையடக்கம். கைக்குள் அடங்குவது, அதனால் கையோடு கொண்டுபோகக்கூடியது. கையடக்கப் பதிப்பு, கையடக்க அகராதி என்று சொல்கிறோம். இலங்கையில் செல்போனுக்குப் பெயரே கையடக்கத் தொலைபேசி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கைத்தொலைபேசி. தமிழ்நாட்டில் பேச்சில் செல்போன், எழுத்தில் கைபேசி, அலைபேசி, செல்பேசி. கைத்தடி, கைக்குட்டை போல இங்கும் ஒற்று மிக வேண்டும் என்பவர்கள் கைப்பேசி என்று எழுதுவார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. எப்படி எழுதினாலும் இவை எல்லாம் பொருளின் பெயர்கள். பேசி சட்டைப்பையில் இருந்தாலும் கைப்பேசிதான், வண்டியின் முகப்பில் தாங்கியில் மாட்டியிருந்தாலும் கைப்பேசிதான்.

அப்படியானால் 184ஆவது பிரிவு எந்தப் பொருளைச் சொல்கிறது? கையடக்கக் கருவி என்று படித்தால், தாங்கியில் மாட்டிய போனைத் தொடுவதும் அதற்குள் வரும். கையில் பிடித்த கருவி என்று படித்தால் வராது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் இதில் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. ஓட்டும்போது இந்தக் கருவிகளை வழி பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுநரின் கவனம் கெடாதபடி என்கிறது அந்த விதி. இங்கே சொல்லைக் கையில் பிடித்த என்று எடுத்துக்கொண்டால், ஒரு கையில் போனைப் பிடித்தபடி மேப் பார்க்கலாம் என்று விதியே அனுமதிப்பதாக ஆகிவிடும். அது நோக்கமாக இருக்க முடியாது. ஆகவே இந்த விதியில் அது கருவியின் வகையைக் குறிக்கிறது என்பதே பொருந்துகிற வாசிப்பு.

சட்டத்தில் இல்லாத சொல்லை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது என்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 2018-ல் காட்டியது. போன் பேசியபடி ஓட்டியவர்கள்மீது அங்கே போலீஸார் கேரள போலீஸ் சட்டத்தின் 118ஆவது பிரிவில் வழக்குப் போட்டுவந்தார்கள். தெரிந்தே பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்குகிற செயல்களுக்கான பிரிவு அது. ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை, ஆபத்து உண்டானதாகக் காட்டாமல் பேசியதை மட்டும் வைத்து அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பலருக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஆனால் தனிமனித சுதந்திரம் என்பதன் அடிப்படையே அதுதான்: தடுக்க வேண்டுமென்றால் தெளிவாகச் சட்டம் எழுதித் தடுக்க வேண்டும், இருக்கிற சட்டத்தை இழுத்து நீட்டக் கூடாது. அடுத்த ஆண்டே மத்தியச் சட்டத்தில் அந்த விளக்கம் வந்துவிட்டது.

பிரிட்டனில் இந்தச் சொல்லைச் சுற்றி நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே 2003 டிசம்பர் 1 முதல் தடை இருக்கிறது. அழைப்புக்காகவோ, மெசேஜ் அனுப்புவது போன்ற வேறு ‘ஊடாட்டத் தொடர்பு’க்காகவோ ஏதோ ஒரு கட்டத்தில் கையில் பிடிக்கப்படுகிற, அல்லது பிடித்தே ஆக வேண்டிய போன்தான் ஹேண்ட்ஹெல்ட் என்று விதி வரையறுத்தது. அதாவது செயல் என்ற பொருளை எடுத்துக்கொண்டது. 2017-ல் லண்டனில் ஒருவர், விபத்து நடந்த இடத்தை மெதுவாகக் கடக்கும்போது ஒரு கையில் போனை உயர்த்தி வீடியோ எடுத்தார். போலீஸ் வழக்குப் போட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடியோ எடுப்பது யாரோடும் தொடர்புகொள்வது ஆகாது, ஆகவே இந்த விதியின்கீழ் குற்றம் இல்லை என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. இப்படி ஓட்டலாம் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. கவனக்குறைவாக ஓட்டியதற்கு, ஏன் ஆபத்தாக ஓட்டியதற்கும்கூட, வழக்குப் போடலாம் என்று தெளிவாகவே எழுதினார்கள். அதன் பிறகு 2022 மார்ச் 25 முதல் விதி மாறியது. கையில் பிடித்துக்கொண்டு பூட்டைத் திறப்பது, மணி பார்ப்பது, படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது எல்லாமே இப்போது குற்றம். சிக்னலில் நிற்கும்போதும் அப்படித்தான். 200 பவுண்ட் அபராதம், உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள். வண்டியை நிறுத்தப் பாதுகாப்பான இடம் இல்லாதபோது அவசர உதவிக்கு அழைப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கலிஃபோர்னியாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. 2008-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் கையில் வைத்து போனைப் ‘பயன்படுத்துவதை’த் தடுத்தது. 2012-ல் ஃபிரெஸ்னோவில் நெரிசலில் சிக்கிய ஒருவர் போனில் மேப் பார்த்தார், அபராதச் சீட்டு வந்தது. அந்தச் சட்டம் பேசுவதையும் கேட்பதையும்தான் தடுக்கிறது, மேப் பார்ப்பதை அல்ல என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2017-ல் வந்த புதிய சட்டம் ‘பிடித்துக்கொண்டு இயக்குவது’ என்று சொல்லை மாற்றியது. தாங்கியில் இருந்தால் ஒரே ஒரு தொடுதல் அல்லது தள்ளுதலுக்கு மட்டும் அனுமதி தந்தது. கையில் பிடித்து மேப்பை வெறுமனே பார்ப்பதும் இயக்குவதில் சேரும் என்று 2025-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, இத்தனை சட்டங்களும் ஏன் கையையே பிடித்துக்கொண்டிருக்கின்றன? கையும் களவுமாகப் பிடிக்க முடிகிற குற்றம் அது ஒன்றுதான். ஓட்டுநரின் மனம் எங்கே இருந்தது என்று எந்தப் போலீஸ்காரராலும் பார்க்க முடியாது. காதோரம் உயர்ந்த கையைச் சாலையோரத்தில் நின்றே பார்த்துவிடலாம்.

ஆனால் ஆபத்து கையில் மட்டும் இல்லை. கனடாவின் டொராண்டோவில் 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை வைத்து ரெடல்மையர், டிப்ஷிரானி இருவரும் செய்த ஆய்வு 1997-ல் வெளிவந்தது. போன் பேசும்போது மோதும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்றும், கைபடாமல் பேசும் போன்களால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றும் அது சொன்னது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனது: அவசரம் தவிர, கைபடாப் பேச்சையும் சேர்த்து எல்லா மாநிலங்களும் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. வயது வந்த எல்லா ஓட்டுநர்களுக்கும் அப்படி ஒரு தடையை அங்கே எந்த மாநிலமும் கொண்டுவரவில்லை. காருக்குள் ஒருவர் யாரோடு பேசலாம் என்பது வரை அரசு வரக் கூடாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. ஹேண்ட்ஹெல்ட் என்ற சொல் அந்தச் சமரசத்தில் பிறந்த எல்லைக்கோடு.

சுதந்திரத்தின் பெயரால் இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்களின் கேள்வி ஒன்று நியாயமானது. பக்கத்து இருக்கைக்காரரோடு பேசலாம், வடை தின்னலாம், போன் மட்டும் ஏன் கூடாது? பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். லாரி குறுக்கே வந்தால் அவரும் பேச்சை நிறுத்துவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரி தெரியாது, அவர் பதிலுக்குக் காத்திருப்பார். திரையோ கண்ணையே எடுத்துக்கொள்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி குனிந்தால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும், அந்த 33 மீட்டரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம். தின்றுகொண்டே தாறுமாறாக ஓட்டினால் அதற்கும் கவனக்குறைவுப் பிரிவுகள் இருக்கத்தான் செய்கின்றன.

தலைக்கவசச் சட்டத்தோடு இதை ஒன்றாகப் பேசுவது தவறு என்று நினைக்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் தலைக்கவசம் கட்டாயமானபோது, என் தலை என் விருப்பம் என்று பலர் சொன்னார்கள். அதை ஏற்கலாம், மறுக்கலாம். குறைந்தபட்சம் அது அவரவர் தலை. போனில் அப்படி இல்லை. போகிற உயிர் நடந்துபோகிறவருடையதாகவோ சைக்கிளில் போகிறவருடையதாகவோ இருக்கலாம், அவர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கிற உரிமையைத் தனிமனித சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுதந்திரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 2019 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் செல்போனைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை இயக்கத் தொடங்கியது. மேலிருந்து கண்ணாடி வழியாக ஓட்டுநரின் மடி வரை படம் எடுக்கும், கணினி சலித்துத் தரும், சந்தேகமானவற்றை மனிதர்கள் பார்ப்பார்கள். குற்றம் செய்யாதவர்களும் படத்தில் விழுகிறார்கள். அந்தப் படங்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம், வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று சட்டமே வரையறுக்க வேண்டும். இதைக் கேட்பவர்களைப் போன் பேச ஆசைப்படுகிறவர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இனி நம் ஊர் வழக்குக்கு வருவோம். நம் செய்தித்தாள்களும் சாலைப் பலகைகளும் இந்தக் குற்றத்தைக் ‘கையில் பிடித்து’ என்று சொல்வதே இல்லை. ‘செல்போன் பேசியபடி வாகனம் ஓட்டுவது’ என்றுதான் சொல்கின்றன. ஆங்கிலச் சொல் கையைக் குறிவைத்தது, தமிழ் வழக்கு பேச்சைக் குறிவைத்தது. டொராண்டோ ஆய்வை வைத்துப் பார்த்தால் தமிழ் வழக்கு உண்மைக்கு நெருக்கமாகவே இருக்கிறது. ஆனால் அது பழைய போனின் காலத்துச் சொல். இன்று பேசுவதைவிடத் தடவுவதும் தட்டுவதும் பார்ப்பதும் அதிகம். ‘நான் பேசவே இல்லையே, மெசேஜ் பார்த்தேன்’ என்று ஒருவர் வாதாட இந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

இன்னொரு பக்கம், தலைக்கவசத்துக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொள்கிறவர்களும் அப்படியே. ‘கையில் பிடித்த’ என்று படித்தால் இவர்கள் தப்பிக்கலாம், ‘கையடக்க’ என்று படித்தால் சிக்குவார்கள். உணவு கொண்டுபோகிற இளைஞர்களின் நிலை வேறு. ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் ஆர்டர் வந்து ஒலிக்கிறது, அதை ஏற்க அவர்களுக்குச் சில நொடிகளே இருக்கின்றன. அங்கே கேள்வி அந்த இளைஞரின் சுதந்திரத்தைப் பற்றியது அல்ல. ஓடுகிற வண்டியில் பதில் கேட்கிற செயலியை வடிவமைத்தவர்களின் பொறுப்பைப் பற்றியது.

ஆகவே சரியான தமிழ்ச் சொல் இடத்தைப் பொறுத்தது. கருவியின் வகையைச் சொல்லும்போது ‘கையடக்க’ போதும்: கையடக்கக் கணினி, கையடக்க ஸ்கேனர், கையடக்கத் தொடர்புக் கருவி. இந்தியச் சட்டத்தின் சொற்றொடரை மொழிபெயர்க்கவும் இதுவே பொருத்தம். பிரிட்டன், கலிஃபோர்னியா சட்டங்களைப் பற்றி எழுதும்போது ‘கையில் பிடித்துப் பயன்படுத்துதல்’ என்று வினையாகவே சொல்ல வேண்டும். இதை ஒரே சொல்லாகச் சுருக்க முயல்வது வீண் வேலை. கைப்பிடி என்றால் அது கதவில் இருப்பது, கைப்பிடித்தல் என்றால் கல்யாணம், கையேந்தல் என்றால் பிச்சை, கைக்கொள்ளுதல் என்றால் பின்பற்றுதல். ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’க்குச் சிலர் எழுதுகிற ‘கையில்லா’ என்பதும் பொருந்தவில்லை. ‘கைபடா’ என்பது பொருளையும் சொல்கிறது, காதுக்கும் உறுத்தவில்லை. சாலைப் பலகைகளிலும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் பாடத்திலும் ‘செல்போன் பேசாதீர்’ என்பதை ‘செல்போனைப் பயன்படுத்தாதீர்’ என்று மாற்றினால் பேசுவது, தடவுவது, படம் எடுப்பது, தலைக்கவசத்துக்குள் செருகுவது எல்லாம் அதில் அடங்கிவிடும்.