சாலைக் கழுவுநீர்

மழைநீர் நிலத்தின் மேல் ஓடுவதைக் குறிக்கும் 'ரன்-ஆஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் புவியியல் பாடநூல்கள் 'வழிந்தோடல்' என்று எழுதுகின்றன. காட்டுச் சரிவுக்கு அது நல்ல சொல். மண் குடிக்கும் மட்டும் குடித்துவிட்டு மிச்சத்தை ஓடவிடுகிறது, நிறைந்தால்தானே வழியும். தார்ச்சாலை ஒரு சொட்டும் குடிப்பதில்லை. அதன் மேல் விழும் மழை, கிடப்பதையெல்லாம் கழுவி இறக்குகிறது. ஆகவே 'சாலைக் கழுவுநீர்' என்பதே பொருந்தும் என்பேன். அரிசி கழுவிய நீரைக் 'கழுநீர்' என்று சொல்லி மாட்டுக்கு ஊற்றியவர்கள் நாம். எதைக் கழுவிய நீர் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கழிவுநீர்' என்று இதைச் சொல்லக் கூடாது. அது வீட்டிலிருந்தும் ஆலையிலிருந்தும் வருவது. அதைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற பேச்சாவது உண்டு. சாலை நீருக்கு அந்தப் பேச்சே இல்லை.

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று இறங்குகிறது 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், இந்தப் பக்கம் இரு மொழிச் சொற்களும் கலந்தே புழங்கும். தமிழில் 'ஓடை' மீன் வாழும் சிற்றாறு; மலையாளத்தில் 'ஓட' சாலையோர வடிகால். தமிழில் 'கலுங்கு' ஏரியின் உபரிநீர் வெளியேறும் இடம். மலையாளத்தில் அதுவே சாலைக்கடியில் நீர் கடக்கும் சிறுபாலம். மலைச்சாலையில் ஓட கலுங்கில் விழுகிறது, கலுங்கு ஓடையில் விழுகிறது. சாலையை ஒட்டி ஓடும் கழுதுருட்டி ஆறு அத்தனையையும் வாங்கிக்கொண்டு கல்லடையாற்றில் சேர்கிறது.

கோடை முழுக்கக் காய்ந்த சாலையில் முதல் மழை பெய்யும்போது ஒரு கலுங்கின் வாயைப் பாருங்கள். முதலில் வருவது கறுப்பு நுரை. அதன் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். கண்ணுக்குத் தெரியாமல் டயர் தேய்ந்த துகளும், இறக்கத்தில் அழுத்திய பிரேக்கின் செம்புத்தூளும் கூடவே வரும். நீரில் கரைந்த செம்பு மீனின் மோப்பத்தைக் கெடுக்கும். இரையையும் பகையையும் அறியாத மீன் எத்தனை நாள் பிழைக்கும்?

டயரில் உள்ள நஞ்சு வெளிப்பட்டது அமெரிக்காவில். வாஷிங்டன் மாநில நகர ஓடைகளில், முட்டையிட ஏறிவந்த கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. பல்லாண்டுத் தேடலுக்குப் பின் 2020 டிசம்பரில் காரணம் வெளியானது. டயரில் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே பாதி கோஹோவைக் கொன்றுவிடும். எல்லா மீனும் இதற்குச் சாவதில்லை. சம் சால்மன் தாங்குகிறது, ரெயின்போ டிரவுட் தாங்குவதில்லை. மூணாற்றுப் பக்கம் ராஜமலை ஓடைகளில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து விட்டது அந்த ரெயின்போ டிரவுட்தான். 6பிபிடி உலகெங்கும் டயர்களில் சேர்க்கப்படுவது. நம் லாரிக்கு விலக்கு எதுவும் இல்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது காலப் பொருத்தம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளத்தில் விராலும் கெண்டையும் எதிர்நீச்சலில் ஏறுவதைக் கேரளத்தில் 'ஊத்த' என்பார்கள். சினை மீன் ஏறும் காலம் என்பதால் அப்போது பிடிப்பதைக் கேரள அரசு தடை செய்திருக்கிறது. வலையிலிருந்து காப்பாற்றிய அதே மீனின் எதிரேதான், மாதக்கணக்கில் சேர்ந்த சாலை அழுக்கும் இறங்கி வருகிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. மணலும் மக்கிய உரமும் கலந்த படுகை வழியாகச் சாலை நீரை வடித்துவிட்டபோது, அதே நீரில் கோஹோ உயிரோடு நீந்தியதை வாஷிங்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மண்ணும் அதிலுள்ள உரமும் நஞ்சைப் பிடித்துக்கொள்கின்றன. ஓடையில் நேராக விழும் கலுங்குக்கு முன்னால், சமதளம் கிடைக்கும் இடத்தில் இப்படியொரு வடிபடுகை அமைக்கலாம். செங்குத்துச் சரிவில் கூடாது. அங்கே நீரை மண்ணில் இறக்கினால் மலை சரியும். மே மாதத்தில் சாலைத் தூசியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போக வேண்டும், ஓடையில் தள்ளிவிடக் கூடாது. லாரியை ஆற்றில் இறக்கிக் கழுவுவதை இன்றைக்கே நிறுத்தலாம், அதற்கு ஒரு பைசா செலவில்லை.