வரி சர்க்கரைக்கா, வாயுவுக்கா?

குளிர்பானங்களில் சர்க்கரையைக் குறைக்கப் பிரிட்டன் போட்ட வரி 2018 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அது செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2016 மார்ச்சில் அறிவிப்பு வந்ததிலிருந்து கம்பெனிகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராய்க் கொண்டாடும் அயர்ன்-புரூ பானத்தில் 100 மில்லிக்கு 10.3 கிராமாக இருந்த சர்க்கரை, அந்த இடைவெளியில் 4.7 கிராமுக்கு இறங்கியது. லூக்கோசேட் என்ற ஊக்க பானம் 4.5 கிராமுக்கு வந்தது.

இந்த எண்களுக்குக் காரணம் வரியின் படிக்கட்டு அமைப்பு. 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் வரி கிடையாது. 5 கிராமிலிருந்து 8 கிராமுக்குள் இருந்தால் அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். ஆகவே தயாரிப்பாளர்கள் 5 என்ற கோட்டுக்குச் சற்றே கீழே வந்து நின்றார்கள். குடிப்பவர் மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல் ஆலையின் செய்முறையையே மாற்றிய வரி இது. வரிக்கு உட்பட்ட பானங்களின் சராசரிச் சர்க்கரை 2015க்கும் 2019க்கும் இடையில் சுமார் 44% குறைந்தது. விற்ற லிட்டர் கணக்கோ குறையவில்லை.

உடலுக்கு இது ஏன் முக்கியம்? வழக்கமான கோலா 300 மில்லி குடித்தால் 32 கிராம் அளவுக்குச் சர்க்கரை உள்ளே போகிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவ்வகைச் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் அந்த 25 போய்விடுகிறது. திரவமாகப் போகும் சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது. அது வேகமாகவும் மிகுதியாகவும் வந்தால் ஒரு பகுதி கொழுப்பாக மாறுகிறது. முழுப் பழத்தில் இதே சர்க்கரை நாரோடு சேர்ந்து மெதுவாக வருவதால் கல்லீரலுக்கு அந்த நெருக்கடி இல்லை.

சர்க்கரையைக் குறைப்பது ஆலைக்குச் சுலபமான வேலை அல்ல. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு. மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை இருந்த இடத்தில் ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்கு போதும். இனிப்பு ஈடாகிவிடும், ஆனால் சர்க்கரை தந்த கனம் போய், பானம் வாயில் தண்ணீர்போல் ஓடும். அதைச் சரிக்கட்டப் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் என்ற கெட்டிப்பொருளோ பிசினோ சேர்க்கிறார்கள். சுக்ரலோஸின் இனிப்பு நாக்கில் நெடுநேரம் தங்கும். அசிசல்ஃபேம் என்ற இன்னொரு இனிப்பூட்டி சட்டென்று இனித்துப் பிறகு கசக்கும். அதனால் இரண்டையும் கலந்து ஒன்றின் குறையை மற்றொன்றால் மறைக்கிறார்கள். அஸ்பார்டேம் என்ற மூன்றாவது இனிப்பூட்டி அமிலத்திலும் வெப்பத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். நம் ஊர் மே மாதக் கிடங்கில் கிடந்த டயட் பானம் இனிப்பு குறைந்து போவது இதனால்தான். எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஒட்டுமொத்த இனிப்பே குறைவதுதான் நல்ல மாற்றம்.

மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி என்று போட்டது. விலை சுமார் 10% ஏறியது, அந்த ஆண்டு வாங்குவது சராசரியாக 6% குறைந்தது, ஏழைக் குடும்பங்களில் அதைவிடக் கூடுதலாக. ஆனால் 5 கிராம் பானத்துக்கும் 11 கிராம் பானத்துக்கும் ஒரே வரி என்பதால் செய்முறையை மாற்ற யாருக்கும் தூண்டுதல் இல்லை. இலங்கை 2017 நவம்பரில் நேராகச் சர்க்கரைமீதே கைவைத்தது: கிராமுக்கு 50 சதம், அதாவது அரை ரூபாய். கோலா 1.5 லிட்டர் பாட்டிலில் 159 கிராம் சர்க்கரை என்றால் வரி மட்டும் 79 ரூபாய் 50 சதம். மிகக் கூர்மையான வடிவம் அது. அடுத்த ஆண்டே அதைக் குறைத்துவிட்டார்கள்.

இந்தியாவில் வாயு ஏற்றிய பானங்களுக்கு 28% ஜிஎஸ்டியும் 12% செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது நேரடியாக 40%. கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் அதே 40%. வாயு இல்லாத பழச்சாறு பானங்களுக்கோ, அதே நாளில் 12% வரி 5% ஆனது. குழந்தைகள் விரும்பிக் குடிக்கும் மாம்பழ பானங்களில் பலவற்றில் சர்க்கரை கோலாவுக்குக் குறைந்ததல்ல. மேலும் இது விலைமீது போடும் வரி. லிட்டர் கணக்கில் மலிவாக விழும் பெரிய பாட்டிலுக்கு, கிராம் சர்க்கரைக்கு விழும் வரியும் குறைவு. பொது சுகாதாரத்துக்காகப் போட்ட வரி என்று இதைச் சொல்ல முடியாது.

வடிவம் சரியாக இருந்தாலும் வரி தோற்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் குளிர்பான வரி போட்ட 2017இல் அங்கே பெரிய கடைகளில் விற்பனை 51% சரிந்தது. நகர எல்லைக்கு வெளியே போய் வாங்கியதைக் கழித்தால் நிகரக் குறைவு 38%. பிரிட்டனின் 18 பென்ஸ் 2025 வரை அப்படியே கிடந்ததால் விலைவாசி ஏற ஏற அதன் பல் மழுங்கியது. கண்ணாடி டம்ளரில் தரும் ஜூஸ் கடைக்கும் டீக்கடைக்கும் இவ்வகை வரி எட்டவே எட்டாது.

இந்தியாவில் மாற்றுவதற்கு வேண்டிய அளவுகோல் கையிலேயே இருக்கிறது. பாட்டில் லேபிளில் மொத்தச் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரையையும் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த எண்ணை வரியின் அடிப்படையாக்கி, வாயு இருக்கிறதா என்று பாராமல் எல்லாப் பானங்களுக்கும் 5, 8 என்று படி வைக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் தந்து, ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பத் திருத்தி, சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். பிரிட்டன் ஆண்டுக்கு 10 லட்சம் லிட்டருக்குக் கீழே தயாரிப்பவர்களை விட்டுவைத்தது. பன்னீர் சோடாவும் கோலி சோடாவும் போடும் நம் சிறு பட்டறைகளுக்கும் அப்படியொரு விலக்கு வேண்டும்.