இரவு போன் எந்த அறையில் இருக்கிறது?

"பத்து மணிக்கே லைட்டை அணைச்சுட்டுப் படுத்துடறா டாக்டர். ஆனா காலையில எழுப்பவே முடியல." பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்கள் அடிக்கடி சொல்வது இது. தலைவலி, எரிச்சல், முதல் பீரியடிலேயே தூக்கம். ஹீமோகுளோபின், தைராய்டு ரிப்போர்ட்டெல்லாம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

நான் போனை வாங்கிப் பார்ப்பதில்லை. செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியைப் பிள்ளையையே திறக்கச் சொல்வேன். எந்த ஆப் எப்போது ஓடியது என்று மணிவாரியாகக் காட்டும். இரவு பதினொன்றுக்கு மேல்தான் கோடுகள் உயர்ந்து நிற்கும். போர்வைக்குள் ரீல்ஸ்.

தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் வரும் வாய்ப்பு இரு மடங்கு என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அந்நாட்டு அரசின் தலைமைப் பொது சுகாதார மருத்துவர்) 2023இல் எச்சரித்தார். ஆனாலும் எத்தனை மணி நேரம் என்பதைவிட, எந்த நேரம் என்றுதான் நான் முதலில் கேட்பேன். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரப்பதே தாமதமாகும். சீக்கிரம் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் அல்ல. அதன்மேல் போன் வெளிச்சமும் சேர்கிறது. விடிந்தால் ஐந்தரைக்கு டியூஷன்! (இதில் பழி முழுவதும் போன்மேல் இல்லை.)

"தூங்கிட்டா ஸ்ட்ரீக் போயிடும் சார்" என்றாள் ஒரு மாணவி. ஸ்னாப்சாட்டில் இரு நண்பர்களும் 24 மணி நேரத்துக்குள் ஸ்னாப் அனுப்பாவிட்டால், சேர்த்து வைத்த நாள் கணக்கு பூஜ்யமாகிவிடும். நமக்கு அது விளையாட்டு. அவளுக்கோ, தோழி கோபித்துக்கொள்வாளே என்ற பயம். அதைக் கேட்காமல் 'அடிமையாகிவிட்டாய்' என்று திட்டினால் அடுத்த முறை மறைப்பாள், அவ்வளவுதான்.

போனைப் பிடுங்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவுடையதும்தான். அலாரத்துக்குப் போன் வேண்டுமென்பார்கள். கடையில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் முகம் தூக்கித்தான் இருக்கும்.

தூக்கம் சீரான பிறகும் சாப்பாட்டைக் குறைப்பது, நண்பர்களை ஒதுக்குவது தொடர்ந்தாலோ, வெயிலிலும் முழுக்கை போட்டுக் கையில் கீறல்களை மறைத்தாலோ, ஹாலில் போனை வைப்பது போதாது. மனநல மருத்துவரிடம் உடனே அழைத்து வாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.